வாயைத் திறக்காத ஆப்

கேளம்பாக்கத்தில் உட்கார்ந்து செல்போனுக்கான இயங்குதளம் எழுதுவது என் பிழைப்பு. எந்த ஆப்புக்கு எவ்வளவு பேட்டரி கொடுப்பது, எதைத் தூங்க வைப்பது என்று முடிவு செய்யும் பகுதி எங்கள் குழுவுடையது. விதி இதுதான்: அடிக்கடி திறந்தால் வேண்டிய ஆப், திறக்காவிட்டால் வேண்டாத ஆப். சுத்த மடத்தனம்!

அம்மா செங்கல்பட்டில் அண்ணனோடு இருக்கிறாள். அவள் கையில் சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியிருக்கிறது. சர்க்கரை இறங்கினால் போனில் ஒரு ஆப் அலறும். மற்ற நேரத்தில் அதைத் திறக்க யாருக்கும் வேலையில்லை. அதனாலேயே, அதைத் தூங்கவிடக் கூடாது என்று அவள் போனில் நானே தனியாக அமைத்து வைத்திருந்தேன். ஒரு அப்டேட் வந்து அந்த அமைப்பை அழித்துவிட்டது. யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்த அண்ணன் பதறிப்போய்க் கூப்பிட்டான்.

"அம்மாக்கு வேத்துக் கொட்டிகினு இருந்துச்சு பாப்பா, பேச்சே கொழறிப்போச்சு. போனு பக்கத்துலயே கீது, சத்தமே வர்ல. சக்கரத் தண்ணி குடிக்க வெச்ச பொறவுதான் தெளிஞ்சுது. இன்னா போனு செய்றீங்கோ நீங்கோ?"

மறுநாள் ஆபீஸ் கூட்டத்தில் கத்திவிட்டேன். "தனக்கு என்ன வேணும்னு ஆப் சொல்லட்டும், அதுக்கேத்த மாதிரி தளம் நடந்துக்கட்டும்னு எத்தனை வாட்டி சார் சொன்னேன்?"

மேலாளர் சிரித்தார். "கேக்க விட்டா எல்லா ஆப்பும் நான்தான் முக்கியம்னு சொல்லும்மா."

"ஜிஎஸ்டி ரோட்டுல எல்லாருந்தான் ஹாரன் அடிக்கிறாங்க. அதுக்காக ஆம்புலன்சுக்கு வழி விடாம இருக்கமா? எது பொய், எது நிஜம்னு பாத்துக் குடுக்கத்தானே நம்மள வெச்சிருக்காங்க?"

"சரி, அடுத்த வெர்ஷன்ல பாப்போம். அதுவரைக்கும் அந்த ஆப்பை அடிக்கடி திறக்கச் சொல்லுங்க அம்மாவ. போன் பழகிக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் தளம் யாருக்காகவும் மாறாதாம். என் அம்மா மாற வேண்டுமாம். பழைய அமைப்பைத் திரும்பப் போட்டேன்தான். அடுத்த அப்டேட் அதையும் துடைத்தெறியாது என்று யார் சொல்வது? பல்லைக் கடித்துக்கொண்டு அம்மாவிடம் சொன்னேன்.

அன்றிலிருந்து குளித்ததும் திறக்கிறாள், உலை வைத்ததும் திறக்கிறாள், சாப்பிட்டதும் திறக்கிறாள். நேற்று மதியம் வேலைக்கு நடுவே கூப்பிட்டாள்.

"இப்பக்கூட தொறந்து மூடிட்டேன் கண்ணு. ஒடம்பு அசதியா கீது. செத்த நேரம் தூங்கட்டுமா? ஒண்ணும் ஆவாதே?"