புள்ளியக்காவின் ஆள்காட்டி விரல்

பார்வையில்லாதவர்களுக்குப் பாடப்புத்தகம் அச்சடிக்கிற கூடத்தில் எனக்கு வேலை, வாய்விட்டுப் படிப்பது. பதினோரு வருடமாகப் படிக்கிறேன். எதிரே உட்கார்ந்து அதே பக்கத்தின் பிரெயில் படியை விரலால் தடவிக்கொண்டு வருகிறவர் புள்ளியக்கா. காற்புள்ளி, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எதையும் விடாமல் நான் படிக்க வேண்டும். தாளில் ஒரு புள்ளி குறைந்தாலும் கூடினாலும் அவர் "நில்லு" என்பார். அந்த அதட்டலுக்காகவே கூடத்தில் இருப்பவர்கள் அவருக்குப் புள்ளியக்கா என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஐந்து வயதில் வந்த ஒரு காய்ச்சலில் பார்வை போனது. ஆறு வயதில் எழுத்தைத் தொட்டுப் படிக்கக் கற்றுக்கொண்டபோது, படிப்பு முழுக்க இடது கை ஆள்காட்டி விரலில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற ஒன்பதும் சாப்பிடவும் சண்டை போடவும்தான் என்பார். சண்டை விஷயத்தில் அவர் சொன்னது உண்மை. எங்கள் மேற்பார்வையாளரே அவர் மேசைப் பக்கம் வருமுன் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

விரல் ஈரமாக இருந்தால் தாளில் வழுக்காது, இழுக்கும். அதனால் மேசையில் எப்போதும் ஒரு பவுடர் டப்பா இருக்கும். பத்து வரிக்கு ஒருமுறை விரலை அதில் தொட்டுக்கொள்வார். நாள் முழுக்கப் பவுடரும் தாளும் பட்டால் தோல் என்னத்துக்கு ஆகும்? நகத்தோரம் வறண்டு வெடித்து, வாரத்துக்கு ஒருமுறையாவது சின்னதாகத் தோல் பிய்ந்து நிற்கும். எண்ணெய் தடவச் சொன்னால், தாளில் கறை படும் என்று சண்டைக்கு வருவார். பிய்ந்த தோலைப் பல்லால் கடித்துத் துப்புவார். "சாப்பாடு பத்தலையாக்கா?" என்று நான் கேலி செய்வேன். அதோடு சரி.

அந்த வியாழக்கிழமை சரித்திரப் புத்தகத்தின் கடைசிப் பாடம். அடுத்த வாரம் புத்தகம் தைத்துக் கட்டுவதற்குப் போயாக வேண்டும், பிள்ளைகளுக்குப் பரீட்சை. எனக்கு வீட்டுக்கு விருந்தாளிகள் வருகிறார்கள் என்ற அவசரம் வேறு. அன்று பார்த்து அக்காவின் விரலில் ஒரு தோல் எழும்பி நின்றது. அது ஒவ்வொரு வரியிலும் புள்ளிகளில் மாட்டி, இல்லாத புள்ளியை இருப்பதாகக் காட்டியது. மூன்று முறை "நில்லு" என்றார், மூன்று முறையும் தாளில் பிழை இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. சீக்கிரம் முடியுங்கள் அக்கா, இப்படியே போனால் விடிந்துவிடும் என்று சிடுசிடுத்தேன். அவர் விரலை வாயில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தார். தோல் நகத்தின் அடி வரைக்கும் கிழிந்து வந்தது. ரத்தம் பொட்டாக எட்டிப் பார்த்தது. ரத்தம் பட்டால் தாள் நனைந்து புள்ளி அமுங்கிவிடும். அதனால் பவுடர் டப்பாவை அவர் பக்கம் தள்ளினேன். புண்ணை அதில் அழுத்தி எடுத்துக்கொண்டு மிச்சப் பக்கங்களை முடித்தார். நேரத்துக்கு வீட்டுக்குப் போனேன், விருந்தாளிகளையும் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வந்ததும் தெரிந்தது, சாயங்காலமானால் நான் காற்புள்ளிகளை முழுங்கிவிடுகிறேன் என்று அக்கா மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார். உண்மைதான், முழுங்குவேன். உண்மையாக இருந்ததால்தான் எனக்கு இன்னும் எரிந்தது. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அக்கா அன்று நடுவிரலால் படித்தார். ஆள்காட்டி விரலைத் தாளில் படாமல் தூக்கியே வைத்திருந்தார். வேகம் பாதிக்குப் பாதி குறைந்தது. அந்த விரலின் நகத்தோரம் தக்காளித் தோல் மாதிரி சிவந்து பளபளத்தது. பதினோரு மணிக்குப் பார்த்தேன். நாலு மணிக்கும் பார்த்தேன், இன்னும் பெரிதாகியிருந்தது. வாயைத் திறப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள், கண்ணெதிரே இருந்த அந்த ஒன்றை மட்டும் படித்துச் சொல்லவில்லை. ஐந்து மணிக்குப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

சனிக்கிழமை விடுமுறை. மதியம் மூன்று மணிக்கு, நல்ல மழையில், அக்காவிடமிருந்து போன் வந்தது. திட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். குரல் சின்னதாக இருந்தது. அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை.

"நேத்து என் விரலைப் பார்த்தியா?"

"பார்த்தேன்க்கா."

"என்ன நிறத்துல இருந்துச்சு?"

"சிவப்பா இருந்துச்சு. நல்லா சிவப்பா."

"சொல்லலையே நீ."

என் பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை, மடமடவென்று நடந்ததைச் சொன்னார். ராத்திரி முழுக்கத் தெறிப்பு. காலையிலிருந்து குளிர் காய்ச்சல். அவரும் வீட்டுக்காரருமாக ஆஸ்பத்திரிக்குப் போன் செய்திருக்கிறார்கள். நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, விரல் என்ன நிறம். இரண்டாவது கேள்வி, அங்கிருந்து கைமேல் சிவப்பாகக் கோடு ஏதாவது ஏறுகிறதா. கோடு இல்லாவிட்டால் வெந்நீரில் விரலை ஊறவைத்துக்கொண்டு திங்கட்கிழமை வரலாம். கோடு இருந்தால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது, அது ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே ஆபத்து என்றாளாம்.

"நானும் அவரும் தடவித் தடவிப் பார்த்துட்டோம்," என்றார். "சூடு தெரியுது, வீக்கம் தெரியுது. கோடு கைக்குச் சிக்க மாட்டேங்குது."

அக்காவின் வீட்டுக்காரருக்கும் பார்வையில்லை. ஒரு கம்பெனியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிற வேலை. இருபது வருடமாக இரண்டு பேரும் யாரிடமும் எதையும் பார்த்துச் சொல்லக் கேட்காமல் குடித்தனம் நடத்துகிறவர்கள். அக்கம்பக்கத்தார் ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அந்த வாசலை அக்கா மிதிக்க மாட்டார். அப்படிப்பட்டவர் என்னைக் கூப்பிட்டார் என்றால் பயம் எந்த அளவுக்கு வந்திருக்க வேண்டும்! கையை நான் பார்க்கவில்லை, நேற்று முழுக்கைச் சட்டை போட்டிருந்தீர்கள், இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் குடைகூட எடுக்காமல் ஓடினேன்.

கிடைத்த வண்டியில் ஏறி உட்கார்ந்தால் ஒவ்வொரு சிக்னலும் எனக்காகவே சிவப்பு காட்டியது. பவுடர் டப்பாவைத் தள்ளிய என் கை மடியில் கிடந்தது. அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அக்காவுக்கு ஏதாவது ஆனால் அந்த மேசை முன்னால் நான் எப்படி உட்காருவேன்? அந்த விரலை எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டால்?

கீழ்த்தளத்தில் இரண்டே அறை. மழைக்கு ஜன்னல்களைச் சாத்தியிருந்ததில் உள்ளே கும்மிருட்டு. சுவிட்சைத் தட்டினேன், எரியவில்லை. பல்பு போய்விட்டதா என்று மாமா கேட்டார். அக்காவின் வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவது. எத்தனை மாதமாக அது எரியாமல் தொங்குகிறதோ, அந்த வீட்டில் யாருக்குத் தெரியும்? அந்த நேரத்திலும் அக்கா, "வாங்குன புதுசுல பார்த்துக்கிட்டே இருந்தோம், இப்ப சலிச்சுப் போச்சு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

போன் வெளிச்சத்தைப் பிடித்து அக்காவின் சட்டைக் கையை மடித்துவிட்டேன். விரல் இரண்டு மடங்காக உப்பி, நகத்தின் ஓரத்தில் சீழ் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. அங்கிருந்து புறங்கை வழியாக, மணிக்கட்டைத் தாண்டி, பேனாவால் இழுத்த மாதிரி ஒரு சிவப்புக் கோடு ஏறிப் போனது. முழங்கைக்கு நாலு விரற்கடை கீழே மங்கி நின்றது.

இல்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அக்காவின் முகம் அதைத்தான் கெஞ்சியது.

"மூச்சை இழுத்துப் பிடிச்சியே, அதுலயே தெரிஞ்சிருச்சு," என்றார் மாமா. "எதுவரைக்கும்மா?"

அக்காவின் வலது கை விரலைப் பிடித்து, கோட்டின் மேலேயே வைத்து, அது போகும் வழியெல்லாம் மெதுவாக நகர்த்திக் கொண்டுபோய் நிறுத்தினேன். அக்கா அந்த இடத்தைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் செருப்பு எங்கே என்று கேட்டார். ஒவ்வொரு பொருளின் இடமும் மனப்பாடமான அந்த வீட்டில் செருப்பு எங்கே என்று அவர் கேட்டதே எனக்குக் கிலி பிடிக்கப் போதுமானதாக இருந்தது.

அவசர சிகிச்சை அறையில் இருந்த டாக்டருக்கு முப்பது வயது இருக்கும். நகத்தோரம் கீறிச் சீழை எடுத்துவிட்டு, நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார். விரல் நுனிச் சதையில் கத்தி படுமா என்று அக்கா கேட்டார். படாது, நகத்தின் ஓரம் மட்டும்தான், அதற்கு முன்னால் விரல் மரத்துப் போக ஊசி போடுவேன் என்றார் டாக்டர். அக்கா வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார்.

"ஊசி வேண்டாம். அப்படியே கீறுங்க, தாங்கிக்கிறேன்."

ஊசி இல்லாமல் கீறினால் உயிர் போகிற வலி வலிக்கும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வலி எனக்கு ஒரு பொருட்டில்ல டாக்டர். மரத்துப் போனது மரத்துப் போனதாவே இருந்துட்டா நான் எதை வச்சுப் படிப்பேன்? எனக்குப் பயமா இருக்கு. அஞ்சு வயசுல தூங்கி எந்திரிச்சப்ப இப்படித்தான், கொஞ்ச நேரத்துல சரியாயிடும்னு சொன்னாங்க."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவுக்கு நேராக உட்கார்ந்தார். உணர்வு மூன்று மணி நேரத்துக்குள் திரும்பிவிடும் என்றார். ஊசி போடாமல் கீறும்போது வலியில் கை உதறினால்தான் கத்தி சதைக்குப் போகும், அதற்குத்தான் தனக்குப் பயம் என்றார். அக்கா மாமாவின் தோளைத் தேடிப் பிடித்துக்கொண்டு இடது கையை நீட்டினார்.

கீறி முடித்து, விரல் நுனியை மட்டும் திறந்துவிட்டுக் கட்டுப் போட்டார்கள். அது அக்கா கேட்டுக்கொண்டது. கையில் சிவப்புக் கோடு முடிகிற இடத்தில் டாக்டர் பேனாவால் ஒரு குறி போட்டார். கோடு குறியைத் தாண்டினால் உடனே கூப்பிடுங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் கண் கொட்டாமல் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா விரல் நுனியைப் படுக்கை விரிப்பில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மாமா எப்படி இருக்கிறது என்று கேட்பார். "ஒண்ணும் தெரியல," என்பார் அக்கா. ஒரு மணி நேரம் அப்படிப் போனது.

மருந்துப் பாட்டில் மாற்ற வந்த நர்ஸ், நடந்ததைக் கேட்டுவிட்டு எங்கள் மூன்று பேரையும் பிடிபிடியென்று பிடித்தாள். நகத்தோரத் தோலைக் கடிக்கவும் கூடாது, இழுக்கவும் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, சுத்தமான சின்னக் கத்தரியால் அடியோடு சேர்த்து, சதையை விட்டுவிட்டு வெட்ட வேண்டும். புண்ணில் பவுடர் வைப்பார்களா யாராவது? நான் தலையைக் குனிந்துகொண்டேன். எண்ணெய்ப் பசை தாளுக்கு ஆகாது என்று அக்கா வாதத்துக்குப் போனார். தூங்கப் போகும்போது தடவி, பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு, காலையில் சோப்புப் போட்டுக் கழுவினால் எந்தத் தாளில் ஒட்டும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். அக்காவை வாயடைக்க வைத்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டரை ஆனது. அக்கா விரிப்பில் தேய்ப்பதை நிறுத்திவிட்டார். முகம் வெளிறி, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மாமா இப்போது கேட்கவில்லை. கோடு பேனாக் குறிக்குக் கீழேயே நின்றது. அதைச் சொன்னேன், அக்கா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. பவுடரைத் தள்ளியது நான்தான், வெள்ளிக்கிழமை பார்த்தும் சொல்லாதது கோபத்தில்தான் என்று கொட்டிவிட்டேன். அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் பாதியில் நிறுத்தினார்.

"வலிக்குது," என்றார்.

"எங்க?" என்றார் மாமா.

"நுனியில. சுரீர்ருன்னு வலிக்குது. ஐயோ, நல்லா வலிக்குதுங்க."

மாமா எழுந்து நின்று, நிஜமாகவா, நிஜமாகவா என்று கேட்டுக்கொண்டே சிரித்தார். பக்கத்துப் படுக்கைக்காரர் எங்களைப் பைத்தியங்களைப் பார்ப்பது போலப் பார்த்தார். அக்கா விரல் நுனியை விரிப்பின் தையல் மேல் வைத்து, ஒவ்வொரு தையலாக நகர்த்தினார். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது, துடைக்கவில்லை.

கொஞ்சம் அடங்கியதும் என்னைக் கூப்பிட்டு, இரண்டு கைகளையும் விரித்து என் மடியில் வைத்தார்.

"மத்த ஒம்பதையும் பாரு. எங்கயாவது தோல் பிய்ஞ்சு நிக்குதா? இருக்கறத இருக்கற மாதிரி சொல்லு."

ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வலது கட்டைவிரலின் உள்ளோரத்தில் அரிசி முனை அளவுக்கு ஒன்று இருந்தது. நாளைக்குச் சொன்னாலும் ஒன்றும் குடிமுழுகாது.

"இருக்குக்கா. வலது கட்டைவிரல்ல, உள்பக்கம்."

அக்காவின் கட்டைவிரல் தன்னால் வாய் வரைக்கும் போனது. பாதியில் நின்று, திரும்பி என் பக்கம் வந்தது. நர்ஸிடம் ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீரும் கத்தரியும் வாங்கி வந்தேன். விரல் ஊறியதும் கத்தரியை எடுத்தபோது, பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அக்கா அமைதியாகக் கையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சதையை விட்டுவிட்டு, தோலை மட்டும் அடியோடு சேர்த்து வெட்டினேன்.