இரண்டு வீட்டுப் பற்றறிகள்

சம்பந்தியாரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அவருடைய முகமல்ல, முதுகு. என் மகனுடைய மினிபஸ்ஸின் பக்கத்தில், பற்றறிப் பெட்டியின் மூடியைத் திறந்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டியபடி முழங்காலில் நின்று, வைத்தியர் குழந்தையின் நெஞ்சில் காது வைப்பதுபோலப் பற்றறிமேல் காது வைத்திருப்பார். "சத்தம் போடாதேங்கோ, அது கதைக்குது" என்பார். அது என்ன கதைத்தது என்று எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எழும்பும்போது தீர்ப்பு மட்டும் மாறாது: "என்ரை நல்லாயிருக்கு. உங்கடையைத்தான் பாக்கோணும்."

ஒரு வண்டிக்குள் என்ரை, உங்கடை என்ற பேச்சு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நான் பண்டத்தரிப்பில் வெங்காயமும் புகையிலையும் செய்து பிழைத்தவன். படிப்புக் குறைவு. இயந்திரம் என்றால் தோட்டத்துத் தண்ணீர் இறைக்கிற மெசின் மட்டும் தெரியும்; அதுவும் உதைத்தால் ஓடும், உதைக்காவிட்டால் ஓடாது என்ற அளவில்தான். சம்பந்தியார் வல்வெட்டித்துறை. தகப்பன் காலம்வரை பாய்க்கப்பல் ஓட்டிய குடும்பம். இவர் காலத்தில் கப்பல் இல்லை, கப்பல்காரருடைய நடை மட்டும் மிச்சம் இருந்தது. தரையில் நடக்கும்போதும் கொஞ்சம் கால் அகட்டித்தான் நடப்பார். அவருடைய மகளை என் மகன் கலியாணம் முடித்தான். எங்கள் பக்க வழக்கப்படி மகன் அவளுடைய சீதன வீட்டுக்குப் போய்விட்டான். மனைவி காலமான பிறகு நானும் பாதி நாள் அங்கேதான் கிடந்தேன். அந்தக் கலியாணத்தைப் பற்றியே தனியாகச் சொல்லலாம். அவர்கள் இரண்டு கூட்டம் மேளம் பிடித்தார்கள் என்று கேள்விப்பட்டு நாங்களும் இரண்டு கூட்டம் பிடித்தோம். தாலி கட்டும் நேரத்தில் நாலு கூட்டமும் ஒன்றாய் முழங்க, ஐயர் மந்திரம் சொன்னாரா, ஆரையும் ஏசினாரா என்று இன்றைக்கும் ஒருவருக்கும் தெரியாது. எல்லாம் சரிசமமாக நடக்க வேண்டும் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

மகன் ஒரு பழைய மினிபஸ் வாங்கினான். வரும்போது பற்றறி இரண்டும் செத்துத்தான் வந்தது. அந்த மாதிரி வண்டிக்கு ஒன்று போதாது. இரண்டை ஒன்றோடொன்று தொடுத்து வைத்தால்தான் ஸ்ரார்ட்டர் சுற்றும். "ரெண்டையும் ஒரே கடையிலை, ஒரே நாளிலை, ஒரே மாதிரியாய் வாங்குங்கோ" என்று கராஜ்காரர் படித்துப் படித்துச் சொன்னார். சம்பந்தியார் கையை உயர்த்தினார். "அது சரிவராது. ஒண்டு பொம்பிளை வீட்டாலை, ஒண்டு மாப்பிளை வீட்டாலை. அதுதான் முறை." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவர் யாழ்ப்பாணம் டவுனில் ஒன்று வாங்கினார். நான் சுன்னாகத்தில் ஒன்று வாங்கினேன். என்னுடையது ஒரு விரல் உயரம் கூடிப்போய்விட்டது. அதை நான் வேண்டுமென்று செய்ததாக அவர் நெடுநாள் நம்பினார். வண்டிப் பூசை அன்று தன்னுடையதில் வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தார். நான் விடுவேனா, என்னுடையதில் மஞ்சள் கயிறு சுற்றினேன். கராஜ்காரர் இரண்டையும் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். அந்தச் சொறிதலின் பொருளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பிறகு கனடாவில் இருக்கிற சம்பந்தியாரின் மகன் ஒரு பாட்டுச் செற் அனுப்பினான். செற் என்றால் சின்னதல்ல. பின் ஆசனத்துக்குக் கீழே பெட்டகம் மாதிரி ஒரு பெட்டி, அதிலிருந்து வருகிற அதிர்வில் கண்ணாடியில் ஒட்டியிருந்த முருகன் படம் ஆடும். அதைப் பூட்ட வந்தவன், "இதுக்கு ஒரு பற்றறியின்ரை கறண்ட் போதும். எந்தப் பற்றறியிலை கொழுவ?" என்று கேட்டான். சம்பந்தியார் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "செற் எங்கடை. அப்ப கறண்ட் அவையின்ரை. ரெண்டு பகுதியும் சேரட்டும்." நானும் மகிழ்ச்சியோடு தலையாட்டினேன். எங்களை மதித்து ஒரு பங்கு தந்தாரே என்று எனக்குப் பெருமை.

பஸ்ஸுக்கு வேலை ஒன்றுதான். வல்வெட்டித்துறைப் பக்கத்திலிருந்து ரீச்சர்மாரை ஏற்றிக்கொண்டு டவுனிலுள்ள பள்ளிக்கூடத்தில் இறக்கி, பள்ளி விடும்வரை நிழலில் நின்று, திரும்பக் கொண்டுவந்து விடுவது. அந்த உழைப்பில்தான் மகனின் குடும்பம் ஓடியது. நிழலில் நிற்கிற நேரமெல்லாம் மகன் பாட்டைப் போட்டுவிட்டு நித்திரை கொள்வான். கொஞ்ச நாளில் வண்டி முரண்டு பிடிக்கத் தொடங்கியது. திறப்பைத் திருப்பினால் பல்லி சொன்னதுபோலக் 'கிட் கிட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிறகு தள்ள வேண்டும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ரீச்சர்மார் வரிசையாய் நின்று தள்ளுவார்கள். தலைமையாசிரியருக்கு அடுத்த பதவிக்காரரான உப அதிபர் ரீச்சர் தள்ளமாட்டார். ஒரு பக்கமாக நின்று கட்டளை கொடுப்பார். "ஒண்டு, ரெண்டு, ஆ… சங்கீத ரீச்சர், நீங்கள் சும்மா தொட்டுக்கொண்டு நிக்கிறியள்!"

கராஜ்காரர் மீற்றர் பிடித்துப் பார்த்தார். நீலக்கோடு போட்டது நிறைந்து நின்றது. கயிறு கட்டியது இளைத்துப் போயிருந்தது. சம்பந்தியார் என்னைப் பார்த்தபடி மீசையைத் தடவினார். அது வாயால் ஏசுவதைவிட மோசம். நான் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வைத்தேன். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, பிறகு அதுவும் படுத்துவிட்டது. சலூனில் இருந்து சம்பந்தியார் சொன்னாராம்: "தோட்டக்காரற்றை பற்றறி, நாளுக்கு நாள் தண்ணி கட்டினால்தான் நிக்கும்." நான் அதே சலூனில் முகம் வழிக்கப் போய்ச் சொன்னேன்: "கப்பல் ஓட்டின பரம்பரைக்கு, பஸ்ஸைத் தள்ளாமல் ஓட்டத் தெரியேல்லை." சலூன்காரருக்கு அந்த மாதம் நல்ல பொழுதுபோக்கு.

ஒருநாள் மத்தியானம் ரீச்சர்மாரோடு திரும்பி வந்த பஸ்ஸின் பெட்டி மூடியைத் திறந்தால் கூழ்முட்டை நாற்றம். நீலக்கோட்டுப் பற்றறி கொதித்து, உள்ளே தண்ணீர் வற்றி, இரண்டு பக்கமும் வீங்கிப்போய் இருந்தது. மகனின் கலியாணத்தில்கூட எனக்கு அவ்வளவு சந்தோசம் வந்ததில்லை. ரீச்சர்மார் எல்லாரும் கேட்கத்தக்கதாகச் சொன்னேன்: "சம்பந்தி, உங்கடையாளுக்கு வயிறு ஊதியிருக்கு. கொஞ்சம் இஞ்சி இடிச்சுக் குடுங்கோ." சங்கீத ரீச்சர் சிரித்துவிட்டார். சம்பந்தியார் மூடியை மெதுவாகச் சாத்தினார், தோளில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டார், பொத்தான் பூட்டினார், போய்விட்டார். அதோடு எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சில்லை. நான் முன் முற்றத்தில் இருந்தால் அவர் பின் படலையால் வருவார். தேத்தண்ணீர்கூட மருமகள் இரண்டு இடத்துக்குக் கொண்டுபோனாள். வற்றிய பற்றறிக்குத் தண்ணீர் ஊற்றி ஒருமாதிரிச் சமாளித்தார்கள்.

அந்தக் கிழமைதான் உப அதிபர் ரீச்சர் மருமகளைக் கூப்பிட்டு, கோபமில்லாமல், தன்மையாகச் சொன்னார். "பிள்ளை, பஸ்ஸிலை நீங்கள் வாறனீங்களோ, உங்களிலை பஸ் வாறதோ எண்டு பள்ளிக்கூடப் பிள்ளையள் கேக்குதுகள். குறை நினையாதை. உது சரிவராட்டில் அடுத்த தவணை பள்ளிக்கூடம் தொடங்கேக்கை நாங்கள் வேறை வாகனம் பாக்கப்போறம்." மருமகள் எங்களிடம் வந்து அதை அப்படியே ஒப்பித்தாள். முதலில் தகப்பனுக்கு, பிறகு எனக்கு. தனித்தனியாக.

அந்த நேரம் பார்த்துச் சம்பந்தியாரின் அக்கா செத்துப்போனார். வயது முதிர்ந்து, நோயில்லாமல், பின்னேரம் தேத்தண்ணீர் குடித்துவிட்டுச் சாய்ந்தவர். நல்ல சீவன். என்னைக் காணும்போதெல்லாம் பண்டத்தரிப்பு மழையைப் பற்றிக் கேட்பார், பதிலைக் கேட்கமாட்டார். செத்தவீடு நடந்த குடும்பத்தில் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியும்வரை பாட்டு, கூத்து ஒன்றுமில்லை. பஸ்ஸிலும் செற்றை நிற்பாட்டிவிட்டார்கள். ரீச்சர்மாரும் மரியாதைக்குச் சத்தமில்லாமல் போய்வந்தார்கள். கீரிமலையில் அந்தியேட்டி முடிந்தது. மறுநாள் மகன் ஆசையோடு பாட்டைப் போட்டான். அதற்கடுத்த நாள் காலை, 'கிட் கிட்'.

மருமகள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள். துருவலையை விட்டு எழும்பி வந்து பஸ்ஸைப் பார்த்தாள், செற்றைப் பார்த்தாள். பிறகு முற்றத்தின் நடுவில் நின்று சத்தமாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ. ஒண்டாய் வாங்கோ."

வந்தோம், தூரத் தூர நின்றோம்.

"அப்பாவின்ரை அக்கா செத்ததிலை இருந்து அந்தியேட்டி மட்டும் பாட்டுப் போட்டமோ?"

"இல்லை" என்றார் சம்பந்தியார்.

"ஒருநாளாவது தள்ளினமோ?"

யோசித்துப் பார்த்தேன். "இல்லைப் பிள்ளை."

"முந்தநாள் வரைக்கும் பாட்டுமில்லை, தள்ளலுமில்லை. நேற்றுப் பாட்டு. இண்டைக்குத் தள்ளல்."

சம்பந்தியார் திகைத்துப்போய்க் கேட்டார்: "அப்ப இந்தப் பஸ் ஓடுறதுக்கு மாதத்துக்கொருக்கால் ஆராவது சாகோணுமோ?"

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. பேச்சில்லாத ஆளின் பகிடிக்குச் சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்தேன்.

கராஜ்காரர் வந்து வயர் போன வழியைப் பிடித்துப் பார்த்தார். "ஆர் உந்தச் செற்றைத் தனி ஒரு பற்றறியிலை கொழுவச் சொன்னது?" நானும் சம்பந்தியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். கராஜ்காரர் விளங்கப்படுத்தினார். வண்டி ஓடும்போது டைனமோ இரண்டு பற்றறிக்கும் ஒரே அகப்பையால் ஒரே அளவாகத்தான் சார்ஜ் ஊற்றும். என்னுடையவன் சாப்பாட்டைச் செற் தின்றுவிட்டது, அவன் பசியில் கிடந்தான். அவன் பசி தீரவில்லை என்று டைனமோ இன்னும் ஊற்ற, சம்பந்தியாருடையவன் வயிறு நிறைந்த பிறகும் வாங்கி வாங்கிக் கொதித்துப் போனான். ஒன்றுக்குப் பட்டினி, மற்றதுக்கு அசீரணம். போதாததற்கு வேறு வேறு சாதிப் பற்றறி, வேறு வேறு வயது. ஒருவருடைய பற்றறியிலும் பிழையில்லை, பங்குதான் பிழை.

இனி இரண்டையும் சோடியாக மாற்ற வேண்டும் என்றார். அந்த வசனம் முடியமுன்பே சம்பந்தியார், "ரெண்டும் பொம்பிளை வீட்டாலை" என்றார். "அப்ப நாங்கள் என்ன, பாட்டுக் கேக்க வந்தனாங்களோ? ரெண்டும் மாப்பிளை வீட்டாலை" என்றேன். பல நாளுக்குப் பிறகு நாங்கள் நேரடியாகக் கதைத்தது அதுதான்.

"ஒருதரும் வேண்டாம்" என்றாள் மருமகள். "பஸ் உழைக்குது, பஸ் வாங்கும். பெயின்ற் பூசவும் வேண்டாம், கயிறு சுத்தவும் வேண்டாம். இனி உந்தப் பெட்டிக்குக் கிட்ட ஆரும் போனால் எனக்குக் கெட்ட கோவம் வரும்." ஒரே கடையில், ஒரே நாளில், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டு வாங்கினாள். செற்றுக்கு இரண்டு பற்றறியிலிருந்தும் சமமாக எடுக்கிற ஒரு சின்னப் பெட்டியைப் பூட்டுவித்தாள். மூடிக்கு ஆமைப்பூட்டு. திறப்பு அவளுடைய இடுப்பில்.

பள்ளித் தவணை தொடங்கிய காலை, உப அதிபர் ரீச்சர் ஏறும்போதே சொன்னார்: "இண்டைக்கு ஒருநாள் பாப்பம் பிள்ளை." படலையடியில் ஒரு பக்கம் நான், மறுபக்கம் சம்பந்தியார். மருமகள் கையைப் பிசைந்தபடி வாசலில். மகன் திறப்பைத் திருப்பினான். முதல் திருப்பிலேயே பிடித்தது. உள்ளே ஒருவரும் கவனிக்கவேயில்லை; சங்கீத ரீச்சரின் புதுச் சேலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். உப அதிபர் ரீச்சர் மட்டும் யன்னலால் மருமகளைப் பார்த்துத் தலையாட்டினார். பஸ் மூலையில் திரும்பி மறைந்தது. மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நாங்கள் இரண்டு பேரும் புகைக்குள் நின்றோம். காப்பாற்ற ஒரு பற்றறி இல்லாத இரண்டு கிழவர்கள். சம்பந்தியார்தான் முதலில் தொண்டையைச் செருமினார்.

"உந்தப் பெட்டிக்குள்ளை இடக்கைப் பக்கத்தான்தான் முதல் இழுத்தவன். கேட்டனீங்களே?"

எனக்கு இயந்திரம் விளங்காது. ஆனால் ஒரு மனிசன் படலையைத் திறந்துவிடுவது விளங்கும்.

"உங்களுக்குக் காது அடைச்சுப் போச்சுச் சம்பந்தி. வலக்கைப் பக்கத்தான்."

"இந்தக் காதாலை கடலிலை எத்தினை வள்ளச் சத்தத்தைக் கேட்டு, அது ஆருடைய வள்ளம் எண்டு சொன்னனான் தெரியுமே?"

சந்தித் தேத்தண்ணிக் கடைவரைக்கும் சண்டை பிடித்துக்கொண்டே நடந்தோம்.

இப்போது அவர் கனடாவில் மகனோடு. அதற்குப் பிறகு இந்தப் பஸ்ஸுக்கு எத்தனையோ தரம் பற்றறி மாற்றியாகிவிட்டது, எப்போதும் சோடியாகத்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். பேரப்பிள்ளைகள் கதைத்து முடிய என்னிடம் தருவார்கள். என் சுகத்தைக் கேட்கமாட்டார்.

"என்ரை இடக்கைப் பக்கத்தான் எப்பிடி?"

நான் போனோடு முற்றத்துக்குப் போய், பூட்டிக் கிடக்கிற மூடியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொல்வேன்: "நல்லாத்தான் இருக்கிறான் சம்பந்தி. என்ரையைவிடக் கொஞ்சம் மெலிவு."