பல் கட்டுகிறவன் கட்டிய விமானங்கள்

பல் கட்டும் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது: வந்தவர் வாயைத் திறந்து வைத்திருக்கும்வரை நம்மிடம் ஒரு கேள்வியும் கேட்க முடியாது. வாயை மூடியதும் என் கடையில் எல்லோரும் முதலில் கேட்டது, "அலுமாரிக்கு மேல என்ன அது?"

அது போர் விமானம். தொண்ணூறுகளில் நான் கல்முனையில் ஓர் ஒற்றை அறைக் கடையில் பல் கட்டிக்கொண்டிருந்தேன். சவூதியில் வேலை செய்த மச்சான் லீவில் வந்தபோது, துண்டு துண்டாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் விமானம் ஒன்றைப் பெட்டியோடு கொண்டுவந்து தந்தார். அன்றைக்குப் பிடித்த வியாதி. மச்சானின் அடுத்த லீவுக்கு இரண்டு வருடம் இருந்தது. அதுவரை பொறுக்க முடியாமல், கொழும்பு நடைபாதையில் வாங்கிய பழைய விமானச் சஞ்சிகைகளைப் பார்த்து, கடையில் கிடந்த மெழுகையும் பிளாஸ்டரையும் பல் செட்டின் ஈறாகிய முரசு செய்யும் மாவையும் வைத்து நானே செய்யத் தொடங்கினேன். செய்ததைப் படம் எடுக்கவென்று ஒரு பழைய கமராவும் வாங்கினேன். நிஜ விமானங்களையும் எடுக்க ஆசைதான். ஆனால் அந்த வருடங்களில் எங்கள் பக்கத்தில் வானத்தைப் பார்த்துக் கமராவைத் தூக்குகிறவன், வீட்டில் சொத்துக்கு வசியத்து எழுதி வைத்துவிட்டுத் தூக்க வேண்டும்.

விரலில் பசை காய்ந்து, மூக்கில் பெயின்ற் வாசம் ஏறி, வீட்டில் ஏச்சும் வாங்குகிற சகோதரர்கள் வேறு எங்காவது இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

ஒரே சட்டி

முரசு செய்யும் மா ரோசா நிறம். ஆகவே என் முதலாவது சொந்தத் தயாரிப்பு ஒரு ரோசா நிறப் பொம்பர், குண்டு போடும் விமானம். பெயின்ற் இன்னும் அடிக்கவில்லை. மாவை அச்சில் அடைத்து, இறுக்கி, கொதிநீரில் அவிக்க வேண்டும். பல் செட்டுக்கும் அதே முறைதான். மண்ணெண்ணெய் விலைக்கு இரண்டையும் வேறுவேறாக அவிப்பது வீண் செலவு என்று, ஒரு ஹாஜியாரின் மேல்வாய்ப் பல் செட்டையும் என் பொம்பரின் இரண்டு இறக்கைச் செட்டைகளையும் ஒன்றாகவே அடுப்பில் ஏற்றினேன்.

ஹாஜியார் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்துவிட்டார். நான் ஓர் அச்சைத் திறந்தேன், பொம்பரின் செட்டை வந்தது. மற்றதைத் திறந்தேன், அவருடைய பல் வந்தது. இரண்டும் ஒரே நிறத்தில், ஒரே மினுக்கத்தில், மேசையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் பார்த்தார். "எண்ட முரசும் அந்தச் சாமானும் ஒரே சட்டியிலயா தம்பி அவிஞ்ச?" என்றார். மா ஒன்றுதான், ஒரு குறையும் வராது என்று சொன்னேன். பல்லைப் போட்டு இரண்டு தரம் கடித்துப் பார்த்தார். நன்றாகத்தான் பொருந்தியிருந்தது. எழும்பிக் கதவடிக்குப் போனவர் திரும்பி நின்று சொன்னார்:

"இப்பவே சொல்லிப்போட்டன், எண்ட வாய்க்குள்ள ஏதும் வெடிச்சா நீதான் பொறுப்பு."

இரண்டு நிறம்

ரோசா நிறப் பொம்பரைப் பார்த்து எல்லோரும் சிரிக்கத் தொடங்கியதால் பெயின்ற் வாங்கப் போனேன். சஞ்சிகைப் படத்தில் அதன் முதுகு பச்சையும் மண்ணிறமும் கலந்து, சண்டைக்குப் போகிறவர்களின் உடுப்பைப்போலத் திட்டுத் திட்டாக இருந்தது. சந்தையடி ஹாட்வெயார் முதலாளி எனக்கு நல்ல பழக்கம், அண்ணன் என்ற முறையில் காக்கா என்றுதான் கூப்பிடுவார், கீழ்வாய் முன்பல் இரண்டும் என் கைவேலை. இரண்டு நிறத்திலும் ஆகச் சின்னத் தகரம் ஒவ்வொன்று வேண்டும் என்றேன்.

பச்சைத் தகரத்தை எடுத்து வைத்தவர், மண்ணிறத்துக்குக் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டார். தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு, கட்டிய பல் இரண்டும் தெரியும்படி என் காதுக்குக் கிட்டே குனிந்தார்.

"பச்சைய எனக்கிட்ட எடுங்க காக்கா, மண்ணிறத்தக் காரைதீவுல எடுங்க. ரெண்டும் ஒரே பையில வேணாம்."

ஹெலி வந்த நாள்

ஒருநாள் கட்சித் தலைவர் ஒருவர் கொழும்பிலிருந்து ஹெலிகொப்டரில் வந்து பள்ளிக்கூட மைதானத்தில் இறங்கப்போகிறார் என்று ஊர் அல்லோலகல்லோலப்பட்டது. கட்சியின் ஊர்ப் பொறுப்பாளர் என்னிடம் ஓடி வந்தார். தூரத்தில் இருப்பதைக் கிட்ட இழுக்கும் கண்ணாடி போட்ட கமரா ஊரில் என்னிடம் மட்டும்தான் இருந்தது. பிலிம் ரோலும் அவரே வாங்கித் தந்து, பாதுகாப்புக்கு நின்றவர்களிடம் கதைத்து, என்னைக் கயிற்றுக்கு உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். யோசித்துப் பாருங்கள். ஒரு ஹெலியை ஐம்பது அடியில் நின்று, ஆயுதம் தாங்கியவர்களின் அனுமதியோடு படம் எடுப்பது! இதற்குப் பிறகு மவுத்தானாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மண்ணையும் தொப்பிகளையும் கிளப்பிக்கொண்டு ஹெலி இறங்கியது. பட்டாசு, தக்பீர் முழக்கம், மாலை. நான் வேலையைத் தொடங்கினேன். வால் விசிறி. கதவின் சறுக்குத் தண்டவாளம். புகைபோக்கியைச் சுற்றிப் படிந்த கரி. ஆணி வரிசை. முப்பத்தாறு படமும் எப்படி முடிந்தன என்று தெரியாது.

மூன்றாம் நாள் பொறுப்பாளர் என் கடைக்கு வந்து கதிரையில் அமர்ந்து, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இருபதாவது படத்தில் ஒரு மாலையின் நுனி தெரிந்தது. முப்பதாவதில், கதவுப் பிடிக்குப் பக்கத்தில் ஒரு கை. அடுக்கி வைத்துவிட்டு, கோபமே இல்லாத குரலில் கேட்டார்:

"எல்லாம் நல்ல வடிவாத்தான் இரிக்கி காக்கா. இதுல தலைவர் எது?"

ஓட்டுநர்

மச்சான் அடுத்த லீவில் கொண்டுவந்த பெட்டியில் விமானத்தோடு ஒரு விமானியும் இருந்தான். அரை விரல் நீளம்கூட இல்லை. ஊசி முனையில் பெயின்ற் தொட்டு அவனுக்குக் கண், மூக்கு, மீசையெல்லாம் வைத்தேன். மீசைக்கு மட்டும் ஒரு முழு மாலை.

பக்கத்துப் பள்ளிவாசல் மௌலவி முன்பல் ஒன்று ஆடுகிறது என்று வந்தவர், விமானத்தைக் கையில் எடுத்து வெகுநேரம் ரசித்தார். என் வேலையை அவ்வளவு நிதானமாகப் பார்த்தவர் அதுவரை எவரும் இல்லை. கண்ணாடி மூடிக்குள் எட்டிப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. உயிருள்ளதின் உருவத்தை முகத்தோடு செய்து வைப்பது கூடாதே என்று மிகப் பணிவாக எடுத்துச் சொன்னார். நான் சாமணத்தால் கவ்வி ஆளை வெளியே எடுத்தேன். அன்றிலிருந்து என் விமானங்கள் எல்லாம் ஆளில்லாமலேதான் பறந்தன. மௌலவி நிம்மதியாகக் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்:

"விமானத்துல ஒரு பிழையும் இல்ல. உள்ளுக்கு இரிக்கிற ஆள்தான் பிழை."

கடற்கரையில் ஒரு விமானத் தளம்

விமானத்தைக் கடை மேசையில் வைத்து எடுத்தால் மேசையில் வைத்த விமானம் போலத்தான் இருக்கும். ஆகவே ஒரு காலையில் சாய்ந்தமருதுக் கடற்கரைக்கு அதைக் கொண்டுபோனேன். அலை வந்து போன ஈர மணல் சீமெந்து போட்டதுபோல இறுகிக் கிடந்தது. விமானத்தை அதில் நிறுத்தி, நான் நெஞ்சு படக் குப்புறப் படுத்து எடுத்தேன். படத்தில் அது நிஜமாகவே ஓடுபாதையில் நிற்பதுபோல வந்திருந்தது. அதுதான் வினையாகப் போனது. இராணுவச் சாமான் தெரிகிற எந்தப் படமும் முகாமுக்குக் காட்டப்பட வேண்டும் என்று படம் கழுவும் ஸ்டூடியோக்காரருக்குக் கட்டளை. அவர் பிள்ளைகுட்டிக்காரர், காட்டிவிட்டார்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. அந்த நாட்களில் முகாமுக்குள் போன எல்லோரும் திரும்பி வரவில்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். அதிகாரி மேசையில் என் படங்களைப் பரப்பியிருந்தார். தமிழ் தெரிந்த சார்ஜன் ஒருவர் மொழிபெயர்த்தார். இது எந்த விமானத் தளம்? சாய்ந்தமருதுக் கடற்கரை, சேர். இந்த இன விமானம் எங்களிடம் இல்லையே? இல்லை, சேர். அப்படியானால் இது யாருடையது?

"என்னுடையது, சேர்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அதிகாரி படங்களை என் பக்கம் தள்ளினார். படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில், மூன்றாவது படத்தின் மூலையில் ஒரு நண்டு நிற்பதைக் கண்டேன். எடுக்கும்போது நான் அதைக் கவனிக்கவே இல்லை. விமானத்தின் சக்கரச் சில்லைவிட நண்டு பெரிதாக இருந்தது. விரல் வைத்துக் காட்டினேன். அதிகாரி படத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தார். நண்டைப் பார்த்தார், சில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வீட்டுக்கு ஆள் அனுப்பி அந்தச் சாமானைக் கொண்டுவரச் சொன்னார்.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம், என் மனைவி பரீதா தன் தம்பியோடு பிஸ்கட் தகரம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அங்கே சார்ஜன் தகரத்துக்குள் இருந்ததை எடுத்துப் பதிவுப் புத்தகத்தில் ஏற்றினார். அதிகாரி விமானத்தை மேசையில் வைத்து, தலையைச் சரித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு சிரித்தார். விரலால் உருட்டியும் பார்த்தார். என்னைப் போகச் சொன்னார்.

அல்ஹம்துலில்லாஹ் என்று விமானத்தைத் தகரத்துக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். சார்ஜன் தடுத்தார். புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். 'போர் விமானம் – 1' என்று வடிவான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"முகாமுக்குள்ள வந்த விமானத்த மேலிடத்து ஓடர் இல்லாம வெளிய விடேலாது. நீ போகலாம், பிளேன் போகேலாது."

அடிப்பக்கம்

கடைசியாக, நான் யாருக்கும் சிரித்துச் சொல்லாத ஒன்று.

நாவிதன்வெளிப் பக்கத்திலிருந்து நாகமணி என்றொரு வயல்காரர் வந்தார். வயது அறுபதுக்குக் கிட்ட. முன்பல் நாலும் இல்லை. தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் இரண்டுபட்டிருந்த அந்த வருடங்களில் அங்கிருந்து ஒரு தமிழர் எங்கள் தெருவுக்குப் பல் கட்ட வருவதே பெரிய காரியம். அவர் கதிரையின் நுனியில், பஸ்சுக்கு நேரமாகிறவர்போல அமர்ந்திருந்தார். எப்படி விழுந்தது என்று கேட்டேன். வயலுக்குள் நிற்கும்போது ஹெலி வந்து சுட்டதாம். ஓடிப்போய் வாய்க்கால் மதகுக்குள் குதித்தாராம். மதகின் சீமெந்து விளிம்பில் முகம் அடிபட்டதாம். விதைநெல் எவ்வளவு போட்டேன் என்று சொல்கிறவர்போலத்தான் சொன்னார்.

அதே இன ஹெலி அவருடைய தலைக்கு நேரே அலுமாரியின் மேல் நின்றது. ஒரு மாதமாகப் பாடுபட்டுச் செய்தது. துணியால் மூடிவிடலாமா என்று கையை நீட்டினேன். அவர் என் கையைப் பின்தொடர்ந்து நிமிர்ந்து பார்த்துவிட்டார்.

"எடுத்துப் பாக்கலாமா தம்பி?"

கொடுத்தேன். எல்லோரும் அதன் மூக்கைப் பார்ப்பார்கள், விசிறியைச் சுற்றிப் பார்ப்பார்கள். அவர் நேரே தலைகீழாகத் திருப்பினார்.

"அடியில ஒண்டும் இல்லயே?"

அடிப்பக்கத்தின் படம் எந்தச் சஞ்சிகையிலும் இல்லை, எனக்குத் தெரியாது என்றேன்.

"இவடத்த ஒரு சிவப்பு வெளிச்சம். பகல்லயும் மின்னும். இந்தக் காலடியில இருந்து பின்னுக்கு எண்ணெய் வடிஞ்ச மாதிரி கறுப்பா ஒரு கோடு. வால் தொடங்குற இடத்துல தகரம் ஒட்டுப் போட்டிருந்த."

"இவ்வளவும் எப்பிடிப் பாத்தீங்க?"

"மதகுக்குள்ள மல்லாக்கக் கிடந்தன் தம்பி. அது மேல நிண்டு சுத்திச்சு. கண்ணை மூட ஏலாமப் போயித்து."

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சற்றுக் கழித்துத்தான் நான் பென்சில் எடுத்துக் குறித்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். சிவப்பு வெளிச்சம், கறுப்புக் கோடு, ஒட்டு. ஒரு மனிதர் தன் உயிர் போகவிருந்த நேரத்தைச் சொல்கிறார், என் கை அளவு எடுக்கிறது. பென்சிலை மேசை லாச்சிக்குள் போட்டேன். அவர் அதைக் கவனித்தாரோ தெரியாது. "எழுதுங்க, பரவாயில்ல" என்றார்.

எழுதினேன். அன்று மாலையே அடிப்பக்கத்தைச் செய்தும் முடித்தேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. இதைப் படிக்கும் சக நோயாளிகளுக்கு அது விளங்கும்.

இரண்டு கிழமை கழித்துப் பல் பொருத்த வந்தார். நான் ஹெலியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். நாலு பல்லும் சரியாக அமர்ந்தன. கண்ணாடியில் பார்த்து, ஒரு தரம் உதட்டை மூடித் திறந்து, "செஞ்சீங்களா?" என்று கேட்டார். பல்லைப் பற்றி அல்ல. எடுத்து வந்து கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் தலைகீழாகப் பிடித்து, கோட்டின் மேல் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்தார். புதுப் பல்லில் வார்த்தைகள் கொஞ்சம் வழுக்கின.

"இதேதான் தம்பி. பாக்காமலே சரியாச் செஞ்சிட்டீங்க. பாக்காமலே இருங்க."

மொத்தமாகச் சொன்னால், பல்லைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு எங்கள் பக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது, விமானத்தைப் பற்றி மட்டும் எல்லாருக்கும் என்னைவிடக் கூடுதலாகத் தெரிந்திருந்தது.