என் எடைக்கு வைத்த உயரம்

போன மாசி மாதம், வையம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு செம்மண் பொட்டலில் இது நடந்தது. எனக்குத் தில்லை நகரில் ஒரு சின்ன டூவீலர் ஒர்க்‌ஷாப். லால்குடியில் நெல் வியாபாரம் செய்யும் என் நண்பன் ஆசைப்பட்டு ஒரு ரேஸ் குவாட் பைக் வாங்கி வைத்திருக்கிறான். பைக் மாதிரி ஹேண்டில்பார், ஆனால் நாலு குண்டுச் சக்கரம். மண்ணில் விரட்டுவதற்கென்றே செய்த வண்டி. வண்டி அவனுடையது, ரிப்பேரும் ரேஸும் என்னுடையது என்று மூன்று வருஷம் ஓடியது. ஒரே ஒரு தடவை மூன்றாவதாக வந்தேன். அதையே பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்போதுதான் டீச்சர் வந்தார். ஸ்ரீரங்கத்துக்காரர், ஸ்கூலில் கணக்கு எடுக்கிறவர், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஸ்கூட்டர் சர்வீஸுக்கு வந்தவர் மூலையில் நின்ற குவாட் பைக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரு தடவை ஓட்டிப் பாக்கலாமா?" என்று கேட்டார். அன்றைக்கு ஒர்க்‌ஷாப்பில் இருந்த நண்பன் சிரித்துக்கொண்டே லால்குடிக்கு வரச் சொன்னான். அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த வயலில் நாலு சுற்று விட்டார். ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது. நாலாவது சுற்று, நான் அங்கே எப்போதும் எடுத்ததைவிட மூன்று செகண்ட் குறைவு. ஐந்து தடவை பார்த்தேன். வாட்ச் சரியாகத்தான் இருந்தது.

"டேய் மாப்ள, இந்தத் தடவை ரேஸ்ல டீச்சரே ஓட்டட்டும்டா. செட்டிங் பண்ண உன்னைவிட்டா யாரு இருக்கா?" என்றான் நண்பன். பாராட்டுகிற மாதிரியே என் சீட்டைப் பிடுங்கிவிட்டான். "அதுக்கென்ன, தாராளமா" என்று பல்லைக் காட்டினேன். உள்ளே வயிறு எரிந்தது.

ஒரு பெண் என்னை முந்திவிட்டாரே என்பதும் அந்த எரிச்சலில் இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது? அதற்குப் பிறகு டீச்சர் எது செய்தாலும் எனக்குக் குற்றமாகப்பட்டது. கிளவுஸைக் கழற்றி மடித்து வைப்பது குற்றம். சந்தேகம் வந்தால் நோட்டில் எழுதிக்கொள்வது குற்றம். ஒருநாள் எங்களுக்கென்று வீட்டிலிருந்து புளியோதரை கொண்டுவந்தார். அது நன்றாக இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ரேஸுக்கு முந்தின நாள் வண்டியின் உயரத்தைச் சரிசெய்வது எங்கள் வழக்கம். நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்து, சமமான தரையில் நிறுத்தி, முன்னும் பின்னும் உருட்டி, ஓட்டப்போகிறவர் ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு மேலே உட்கார வேண்டும். அப்போது அடிச்சட்டத்துக்கும் தரைக்கும் எவ்வளவு இடைவெளி என்று அளந்து, ஷாக் அப்சார்பர் ஸ்பிரிங்கை முடுக்கியோ தளர்த்தியோ விட வேண்டும். உட்காருகிற ஆளின் எடைதான் இதில் எல்லாம். ஆள் மாறினால் உயரமும் மாறும்.

டீச்சர் மத்தியானமே போன் செய்தார். "ஸ்கூல் விட்டதும் நாலரைக்கு வந்துடறேன் அண்ணா."

"வேணாங்க டீச்சர், எதுக்கு அலைச்சல்? நானே பாத்துக்கறேன்" என்றேன்.

சாயங்காலம் நானே ஏறி உட்கார்ந்தேன். நண்பன் டேப்பைப் பிடித்தான். "அவங்க வர வேணாமாடா?" என்று கேட்கத்தான் செய்தான். "இதுல என்ன பெரிய வித்தியாசம் வந்துடப்போகுது" என்றேன். நான் எண்பத்திநாலு கிலோ. டீச்சர் ஐம்பது இருந்தால் அதிகம். என் எடையைத் தாங்கும்படி முடுக்கிய ஸ்பிரிங், அவர் உட்கார்ந்தால் அமுங்கவே அமுங்காது. வண்டி எழும்பி நிற்கும், வளைவில் உள்பக்கச் சக்கரம் தூக்கும். இருபது வருஷம் ஸ்பானர் பிடித்தவனுக்கு இது தெரியாதா? டீச்சர் விழ வேண்டும் என்று நினைக்கவில்லை. நன்றாக ஓட்டிவிடக் கூடாது என்று மட்டும் நினைத்தேன். அந்த சீட்டில் அவரை உட்காரவைத்து என் கையால் அளவெடுக்க மனசு வரவில்லை.

மறுநாள் காலையில் அந்தச் செம்மண் பொட்டலில் பிராக்டிஸ். முதல் சுற்றிலேயே இடதுபக்க வளைவில் சக்கரம் மண்ணைவிட்டு எழும்பியது. இரண்டாவது சுற்றில் இன்னும் கொஞ்சம். கையைத் தூக்கி நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம் எனக்குக் குளுகுளுவென்று இருந்தது.

மூன்றாவது சுற்றில் வண்டி அப்படியே கவிழ்ந்தது. டீச்சர் தூக்கியெறியப்பட்டார். அவர் சட்டென்று காலை இழுத்துக்கொள்ள, கால் இருந்த இடத்தில் வண்டி வந்து விழுந்தது. காலுக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும்.

நான் ஓடினேன். நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றிய டீச்சர் என்னைத்தான் முதலில் பார்த்தார். "மன்னிச்சுக்கோங்கோ அண்ணா, வண்டிக்கு அடி பட்டுடுத்து. நான்தான் வளைவுல சரியா சாஞ்சுக்கலை போலருக்கு."

வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர், "பொம்பளைக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்றார். அதற்கும் நான் வாயைத் திறக்கவில்லை.

ஹேண்டில்பார் லேசாகத் திரும்பியிருந்ததைத் தவிர வண்டிக்கு ஒன்றுமில்லை. ரேஸுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. நண்பன் என் தோளில் கை வைத்தான். "நீயே ஓட்டிடுடா." டீச்சரும் தலையாட்டினார். "ஆமாண்ணா, நீங்களே ஓட்டுங்கோ. எனக்கு இன்னும் பழக்கம் பத்தலை."

ஒரு மாதமாக எதற்கு ஏங்கினேனோ அது தானாகவே வந்து நின்றது. ஹெல்மெட்டைப் போட்டு ஏறி உட்கார்ந்தேன். வண்டி எனக்காகவே தைத்த சட்டை மாதிரி அளவாக அமுங்கி நின்றது. தனக்கு அமுங்காத வண்டி எனக்கு அமுங்கியதை டீச்சர் பார்த்தார். கணக்கு டீச்சர் இல்லையா? பார்த்துக்கொண்டே இருந்தார்.

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினேன்.

"டீச்சர், நீங்க விழுந்தது உங்க தப்பில்லைங்க. நேத்து நான் என் எடைக்குத்தான் உயரம் வெச்சேன். தெரிஞ்சேதான் வெச்சேன். உங்க மேல பொறாமைங்க."

நண்பன் என்னை ஒரு பார்வை பார்த்தான், அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். டீச்சர் சிராய்ப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார். அப்புறம் என் கையிலிருந்த ஹெல்மெட்டை வாங்கி மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறினார். "அளந்துக்கோங்கோ" என்றார். அதோடு 'அண்ணா' சேர்க்கவில்லை.

தரையில் படுத்து அளந்தேன். ஒரு அங்குலம் கூடுதல். எல்லா ஸ்பிரிங்கையும் தளர்த்தி, உருட்டி, மறுபடி அளந்து, மறுபடி தளர்த்தினேன். அன்றைக்கு டீச்சர் இரண்டாவதாக வந்தார். நான் கைதட்டினேன். தட்டும்போதும் உள்ளே எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் இன்னும் எங்கள் வண்டியைத்தான் ஓட்டுகிறார். பழையபடி 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஆனால் ஒவ்வொரு ரேஸுக்கு முன்னாலும் நான் அளந்து முடித்ததும், பையிலிருந்து தன் டேப்பை எடுத்துக் குனிந்து மறுபடி ஒரு தடவை தானே அளக்கிறார். முகத்தில் கோபம் எதுவும் இருப்பதில்லை, சாதாரணமாகத்தான் செய்கிறார். என் அளவு இதுவரை ஒரு நூல்கூடப் பிசகியதில்லை. ஆனாலும் அவர் அளந்து நிமிர்கிறவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன், ஒரு மனுஷன் தன் சொல்லுக்கு இருந்த மதிப்பை இழந்தால் திரும்ப வாங்க எத்தனை நாள் ஆகும் என்று யோசித்தபடி.