கார்ட்டூன் ராணியும் முன்வரிசை மாமியும்

எழுபதுகளில ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருகோணமலையில மாதா கோயில் ஹோல். என்ர கையில மைக். முன்வரிசையில என்ர வருங்கால மாமி!

(வருங்காலம் எண்டது என்ர ஆசை. மனுசி இன்னும் ஓம் சொல்லேல்ல.)

படம் இங்கிலீஷ் கார்ட்டூன். அப்பெல்லாம் இங்கிலீஷ் படம் போட்டா, திரைக்குப் பக்கத்தில ஒராள் நிண்டு தமிழில சொல்லவேணும். எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் எண்டு ஃபாதர் என்னைப் பிடிச்சு நிப்பாட்டிட்டார்.

படம் காட்டுற மெசினை ஓட்டினது அன்ரன். துறைமுகத்தில வேலை. நான் கட்ட நினைச்ச ஆள். முன்வரிசையில இருந்த றோசம்மா மாமியின்ர ஒரே மகன்.

படத்தில ஒரு ராணி. குண்டுக் கழுத்து, மூக்கு நுனியில கோவம். தும்மினவனையும் பிடிச்சுச் சிறையில போடுறா!

நானும் உப்புப் புளி சேர்த்து வெளுத்து வாங்கினன். "ஆரடா என்ர கதிரையில குந்தினது? எழும்படா! நான் செத்தாப்பிறகு இருங்கோ!"

ஹோல் அதிர்ந்தது. அப்பிடி ஒரு சிரிப்பு!

ஆனா சனம் திரையைப் பாக்கேல்ல. முன்வரிசையைப் பாக்குது.

எனக்குச் சந்தேகம் தட்டினது. அங்கால அன்ரன் மெசினுக்குப் பின்னால நிண்டு 'வேண்டாம், வேண்டாம்' எண்டு கையைக் காட்டுறார்.

றீல் மாத்த லைட் போட்டவுடன மாமி எழும்பினா.

"பிள்ளை, இந்தக் கதிரைக் கதை ஆர் சொல்லித் தந்தது? என்ர மகனோ?"

பிறகுதான் விளங்கினது. மாமி வீட்டில நெடுகச் சொல்லுற வசனமாம் அது, ஊருக்கே தெரியுமாம்! (சத்தியமா எனக்குத் தெரியாது. நம்புறவை நம்புங்கோ.)

"இல்லை மாமி, ராணி சொன்னதைத்தான் சொன்னனான்."

"ஓமோ? டேய் அன்ரன், அந்த இடத்தைத் திருப்பிப் போடடா! பிள்ளை, நீர் வாய் திறக்கக் கூடாது. ஞானமண்ணை, நீங்கள் இஞ்ச வந்திருந்து கேளுங்கோ."

ஞானமண்ணை தபால் கந்தோரில பென்சன் எடுத்தவர். நல்லா இங்கிலீஷ் தெரிஞ்சவர். அந்த இடத்தில ராணி சொன்னது "வெளியில போங்கோ" எண்டு மட்டும்தான்! கதிரை முழுக்க என்ர சொந்தச் சரக்கு.

கலியாணம் போச்சு எண்டு நினைச்சிட்டன். அழுகை வந்திட்டுது.

றீல் திரும்ப ஓடினது.

"சொல்லுங்கோ அண்ணை, கதிரையோ?"

ஞானமண்ணை திரையைப் பாத்தார். என்னைப் பாத்தார். பக்கத்தில இருந்த மாமியைப் பாத்தார்.

"ஓ... ஓம் தங்கச்சி. கதிரைதான்."

மாமி கதிரையில நிமிர்ந்து இருந்தா. பிறகு சொன்னா, "அப்ப ராணியில என்ன பிழை? வீடெண்டா ஒரு ஒழுங்கு வேணும்தானே!"

படம் முடிஞ்சு போகேக்க என்னட்ட வந்தா.

"நாளைக்கு உங்கட வீட்ட வாறன், அம்மாட்டச் சொல்லும். இப்பிடிச் சத்தம் போடத் தெரிஞ்ச பிள்ளை ஒண்டுதான் எனக்கு வேணும்."

கலியாணம் நடந்தது. என்ர சந்தேகம் மட்டும் இன்னும் தீரேல்ல.

நீங்களே சொல்லுங்கோ, அண்டைக்கு மாமி பிடிச்சது மருமகளையோ, அடுத்த ராணியையோ? (அன்ரனைக் கேக்காதேங்கோ. அவருக்குப் பதில் சொல்ல அனுமதி இல்லை!)