கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பனங்காடை

என் பைனாகுலர் உறையின் ஜிப்பில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு பட்டு நூல் கொத்து முடிந்து தொங்குகிறது. நிறம் பழுப்பு. பால் கொஞ்சம் தூக்கலாக விட்ட கேழ்வரகுக் கஞ்சியின் நிறம் என்று சொல்லலாம். தென்னேரிக் கரைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர், "இன்னா சார் இது, வேண்டுதலா?" என்று கேட்டுவிடுவார். விமான நிலையத்தில் பை மாறிப்போகாமல் இருக்கக் கட்டியது என்று சொல்லிவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொள்வேன். உண்மையைச் சொல்லப் புகுந்தால் என் மச்சானைப் பற்றிச் சொல்லவேண்டும். மச்சானைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். இந்த வயதில் மாத்திரையோடு மாத்திரையாக இன்னொன்று சேர்த்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நான் முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். பறவை பார்ப்பதும், பார்த்ததை நோட்டில் தேதி போட்டு எழுதுவதும் என் பழக்கம். மகள் கல்யாணமாகி மருமகனோடு தென்னாப்பிரிக்காவில் பிரிட்டோரியாவுக்குப் போன நாளிலிருந்தே அந்தத் தேசத்துப் பறவைகளின் படப் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். இரண்டு வருஷம் கழித்து மகளைப் பார்க்கவும் அங்கே காட்டில் பறவை பார்க்கவும் கிளம்பும் வேளை வந்தபோது மனைவிக்கு முழங்கால் வலி. "உன் டிக்கெட்டும் சேந்து வீணாப் போவ வேணாம். எங்க அண்ணனைக் கூட்டிக்கினு போ. அதுக்கும் மனசு சரியில்ல," என்றாள். மனசு சரியில்லாத மனிதரைக் காட்டுக்கு அழைத்துப் போனால் நம் மனசு என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை என்பதைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அவர் மனசு சரியில்லாததற்குக் காரணம் எனக்குத் தெரியும். ஒரு கடைக்காரர் கல்யாணச் சேலைகளுக்காகக் கத்தரிப்பூ நிறத்தில் நூல் கேட்டிருந்தார். மச்சான் போட்டுக் கொடுத்ததை, நிறம் மங்கியிருக்கிறது என்று திருப்பி அனுப்பினார். மறுபடி போட்டார். மறுபடியும் திரும்பி வந்தது. "அவன் கடையில டியூப்லைட்டு போட்டுக்கினு பாக்கறான். டியூப்லைட்டு பொய் சொல்லும்," என்றார் மச்சான். ஊருக்குத் திரும்பியதும் மூன்றாவது முறை போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவும் திரும்பினால் அந்தக் கடை மட்டுமல்ல, தெருவில் ஒருவரும் அவர் கையில் நூல் கொடுக்க மாட்டார்கள். சாயக்காரருக்குக் கண்தான் தொழில். இன்னொன்றும் எனக்குத் தெரியும். என் மகளின் நிச்சயதார்த்தச் சேலைக்கு நூல் சாயம் போட்டவரும் அவர்தான், தாய்மாமன் சீர். கத்தரிப்பூ என்று சொல்லிக் கொண்டுவந்து விரித்தார். விரித்ததும் வீடே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. மகள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டு, "சூப்பரா இருக்குது மாமா," என்றாள். நானும் தலையை ஆட்டினேன். அந்தச் சேலை கேழ்வரகுக் கஞ்சி நிறத்தில் இருந்தது.

இவ்வளவும் தெரிந்த நான், காட்டில் அந்த மனிதரோடு ஆறு நாள் ஒரே காரில் உட்கார்ந்திருந்தும் ஒன்றையும் ஒன்றையும் கூட்டிப் பார்க்கவில்லை. விலங்கியல் வாத்தியார்! கண்ணின் படம் வரைந்து பாகங்களைக் குறி என்று எத்தனை பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டிருப்பேன்.

அங்கேயும் நம் ஊர் போல இடது பக்கம்தான் வண்டி ஓட்டுகிறார்கள் என்பதால் மகள் தைரியமாகக் காரைக் கொடுத்துவிட்டாள். காட்டுப் பூங்காவின் வாசலில் ஒரு காகிதம் தருகிறார்கள். அதில் கொட்டை எழுத்தில் முதல் விதி: தங்குமிடத்தையும் அனுமதித்த இடங்களையும் தவிர வேறெங்கும் வண்டியைவிட்டு இறங்கக் கூடாது. சிங்கமும் சிறுத்தையும் சுற்றுகிற காடு. நான் அதைத் தமிழில் மச்சானுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். அவர் கேட்டுக்கொண்டே மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து ஒரு சரத்தை வெளியே எடுத்தார். கயிற்றில் வரிசையாக முடிந்த சின்னச் சின்னப் பட்டு நூல் கொத்துகள், நாற்பதுக்குக் குறையாமல் இருக்கும். சாயப்பட்டறையில் நிறம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருப்பது. காட்டுக்கு எதற்கு இது என்றேன். "சும்மா இருக்கட்டும்பா," என்றார். அந்தச் 'சும்மா' என் பயணத்தையே விழுங்கப் போகிறது என்று அப்போது தெரியவில்லை.

முதல் பறவையிலேயே ஆரம்பித்துவிட்டார். "மாப்ள, கலர் சொல்லுபா." நான் பெயர் சொன்னேன். பெயர் அவருக்கு வேண்டாம். முதுகு என்ன நிறம், வயிறு என்ன நிறம், இறக்கையின் ஓரம் என்ன நிறம். "நீலம்" என்றால் "எந்த நீலம்?" என்பார். "எந்த நீலமா? நீல நீலம்!" என்று கத்தியிருக்கிறேன். அவர் அசரமாட்டார். சரத்தில் விரலை ஓட்டி ஒரு கொத்தைப் பிடித்து, "இதுவா, இதுக்குப் பக்கத்துல இருக்கறதா?" என்பார். நான் இரண்டையும் பார்த்து ஒன்றைத் தொட்டுக் காட்டுவதற்குள் பறவை பறந்துபோயிருக்கும். நோட்டில் எழுதவேண்டியது எழுதாமல் நின்றுவிடும். இரண்டாம் நாள், ஆற்றங்கரைச் சரிவில் சிவப்புப் பஞ்சுருட்டான் குருவிகள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. அந்தச் சிவப்பு அரக்கா குங்குமமா என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் புல்வெளியில், நான் இரண்டு வருஷமாகக் கனவு கண்ட, பாம்பை மிதித்தே கொல்லும் நெடுங்கால் செக்ரட்டரி பறவை நடந்து போய்க்கொண்டிருந்தது. நான் திரும்பியபோது அதன் வால் மட்டும் புல்லுக்குள் மறைந்தது. இன்றுவரை என் நோட்டில் அந்தப் பெயருக்கு நேரே தேதி இல்லை.

தூக்கணாங்குருவிகள் மரம் மரமாகக் கூடு கட்டியிருந்த ஓர் இடத்தில் வண்டியை நானாகவே நிறுத்தினேன். நெசவாளர் தெருவில் பிறந்தவர், இந்தப் பின்னலைப் பார்த்தாவது கொஞ்ச நேரம் வாயடைத்துப் போவார் என்று ஆசை. ஒரே ஒரு பார்வை பார்த்தார். "நெசவு பாக்கவா இவ்ளோ தூரம் வந்தேன்? கதவைத் தொறந்தா எதிர்வூட்ல தறி ஓடிக்கினு இருக்குது. அந்த மஞ்சள் இன்னா மஞ்சள், சொல்லு," என்றார்.

நான்காம் நாள் காலை அது நடந்தது. பட்டுப்போன ஒரு மரத்தின் நுனிக் கிளையில், சாலையிலிருந்து இருபதடி தூரத்தில், ஒரு பனங்காடை உட்கார்ந்திருந்தது. நம் ஊர்ப் பனங்காடைக்கு ஒன்றுவிட்ட தம்பி. இறக்கை நீலமெல்லாம் ஏறக்குறைய அதேதான். மார்பு மட்டும் நல்ல கத்தரிப்பூ நிறம். அந்தத் தேசத்தில் எல்லோரும் படம் எடுக்கும் பறவை அது. நாம் பார்க்கும்வரை பொறுமையாக உட்கார்ந்திருக்கும். அவர் கேட்பதற்கு முன்பே நான் முந்திக்கொண்டேன். "மச்சான், மார்பு கத்தரிப்பூ. கேள்வியே வேணாம். கத்தரிப்பூ." அவர் கார்க் கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்தார். பிறகு சரத்தில் இந்தப் பழுப்புக் கொத்தைப் பிடித்து, "இதானே?" என்றார். நான் இல்லை என்றேன். "தென்னேரில கம்பி மேல உக்காந்துக்கினு இருக்குமே, அதுக்கு இதானே மார்பு," என்றார். அது வேறு, இது வேறு என்றேன். "வேற மாதிரி தெரியலியே மாப்ள," என்றார். மூன்று நாள் கோபமும் சேர்ந்து என் வாயில் வந்தது. "உங்களுக்குக் கண்ணு கிண்ணு தெரியலியா மச்சான்?"

அவர் கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கிவிட்டார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். சாயப்பட்டறையில் நிறத்தை உள்ளே வைத்துத் தீர்மானிக்க மாட்டார்கள். விளக்கொளியில் தீர்மானிக்கவே மாட்டார்கள். ஈரம் பிழிந்த நூலை வெளியே தெருவுக்குக் கொண்டுவந்து, நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு பேர் பார்த்து, இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால்தான் அது நிறம். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பார்ப்பது கணக்கில் சேராது. நாற்பது வருஷம் அப்படிப் பழகிய கால்கள், சிங்கம் இருக்கிற காடு என்று பார்க்குமா? சரத்தைக் கையில் தூக்கிப் பிடித்தபடி அவர் முள் புதர்களுக்கு நடுவே நடந்தார். நான் கண்ணாடியை இறக்கி, "மச்சான்! வாங்க மச்சான்! ஐயோ, வந்து தொலைங்க!" என்று கத்தினேன். இறங்கிப் போய் இழுத்துவர எனக்குத் தைரியம் இல்லை. பனங்காடை அசையவில்லை, அதற்கு இந்தக் குடும்பச் சண்டையைப் பார்க்க ஆசை போலிருக்கிறது.

காவல் வண்டி ஒன்று வந்து நின்றது. சீருடை போட்ட ஒரு பெண் இறங்கினார், துப்பாக்கியோடு. மச்சானை முழங்கையில் பிடித்து எங்கள் காருக்கு அழைத்துவந்து ஆங்கிலத்தில் திட்டிய திட்டில் என் வயது பாதியாகக் குறைந்தது; என்னைக் கடைசி பெஞ்சுப் பையன் போல நடத்தினார். மச்சானுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவர் அந்தப் பழுப்புக் கொத்தை நீட்டி, பறவையைக் காட்டி, மறுபடி கொத்தைக் காட்டினார். அந்தப் பெண் பேச்சை நிறுத்தினார். கொத்தைப் பார்த்தார், பறவையைப் பார்த்தார். மச்சான் கேட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. தலையை இல்லை என்று ஆட்டினார். சரத்தைத் தன் கையில் வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளி, கத்தரிப்பூ நிறத்தில் இருந்த கொத்தை எடுத்து மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். பிறகு எங்களை எச்சரித்து அனுப்பினார்.

மச்சான் காரில் உட்கார்ந்து அந்த இரண்டு கொத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தூரத்தில் வைத்து, கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். அதற்குப் பிறகு மிச்சமிருந்த இரண்டு நாளும் ஒரு பறவைக்குக்கூட நிறம் கேட்கவில்லை. எனக்கு அப்பாடா என்று இருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அந்த இரண்டு நாளில் முப்பத்தொன்பது புதுப் பறவைகள் பார்த்தேன். பக்கத்தில் ஒரு மனிதர் தன் கண் போய்விட்டது என்று தெரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சந்தோஷமாக எழுதிக்கொண்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும் அவர் தானே கடைக்காரரிடம் போய், மூன்றாவது முறை என்னால் ஆகாது, வேறு ஆளிடம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். கண் ஆஸ்பத்திரிக்கும் தனியாகவே போனார். இரண்டு கண்ணிலும் புரை. மஞ்சள் திரை போட்டது போல முற்றியிருந்ததால் ஊதாவும் கத்தரிப்பூவும் அவருக்குப் பழுப்பாகத் தெரிந்திருக்கின்றன. அறுவை சிகிச்சை முடிந்து கட்டுப் பிரித்த மறுவாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். தண்ணீர்கூடக் குடிக்காமல் தங்கச்சியிடம், "பொண்ணோட நிச்சயதார்த்தச் சேலை இங்கதான இருக்குது? எடும்மா," என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பீரோவைப் பார்த்தேன். சேலையை எடுத்துக்கொண்டு அவர் வாசலுக்குப் போய், வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார். வெகுநேரம் மடிக்காமல் நின்றார்.

"இத்த விரிச்ச அன்னிக்கே உனக்குத் தெரியும் இல்ல மாப்ள?"

தெரியும் என்றேன்.

"தெரியாத தேசத்துப் பொம்பள, பாஷ தெரியாதவ, அரை நிமிசத்துல சொல்லிட்டா. நீங்கல்லாம் ரெண்டு வருசமா சூப்பரா இருக்குதுன்னு சொல்லிக்கினு இருந்தீங்க." கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. சட்டைப் பையிலிருந்து பழுப்புக் கொத்தை எடுத்து, கூடத்தில் ஆணியில் மாட்டியிருந்த என் பைனாகுலர் உறையில் தானே முடிந்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சல் அத்தனையும் என்மேலேயே வந்தது. அது அவர்மேல் வந்த எரிச்சலைவிடத் தாங்க முடியாததாக இருந்தது.

மச்சான் மறுபடி சாயம் போட ஆரம்பித்துவிட்டார். அந்தக் கடைக்காரரே முதலில் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு தென்னேரிக்கும் வருகிறார். ஆனால் நிறம் கேட்பதில்லை. எந்தக் கேள்வியைக் கேட்டு என் உயிரை எடுத்தாரோ, அந்தக் கேள்வி வராதா என்று இரண்டு வருஷமாகக் காத்திருந்தேன். அவர் கண்ணுக்கு இப்போது என் கண் தேவையில்லை; என் சொல்லில் நம்பிக்கையும் இல்லை. காரில் பக்கத்திலேயே உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டு, என்னைச் சாட்சியாகக்கூட வைத்துக்கொள்ளாமல் பறவை பார்ப்பார்.

போன ஞாயிறு ஏரிக்கரைச் சாலையில் மின்கம்பி மேல் நம் ஊர்ப் பனங்காடை ஒன்று உட்கார்ந்திருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். மச்சான் என் மடியிலிருந்த உறையை இழுத்து, ஜிப்பில் தொங்கிய கொத்தைக் கண்ணாடிக்கு நேரே தூக்கிப் பிடித்தார். பறவையைப் பார்த்தார், கொத்தைப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"மார்பு கலர் சொல்லுபா மாப்ள. இதானா?"

பழுப்பு என்று சொல்லிவிட எனக்கு ஒரு நொடி போதும். அதுதான் என்று பார்க்காமலேயே தெரியும். கொத்தை உறையோடு அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். கதவைத் திறந்துகொண்டு கீழே இறங்கினேன்.