லிஃப்ட்காரர் வெட்டிய மூன்று நிமிடம்

இருநூற்றுப் பன்னிரண்டு. எந்த வீடியோ எடிட்டிங் மென்பொருள் நல்லது என்று ஆளுக்கொன்று பேசும் வீடியோக்களில் நம்ம லிஃப்ட்காரர் மூன்று வருஷத்தில் பார்த்து முடித்தவை இத்தனை. அதே மூன்று வருஷத்தில் அவர் சொந்தமாக எடிட் செய்து முடித்த வீடியோ ஒன்றுகூட இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் லிஃப்டை ஓட்டுகிறவர் அவர். வேலை காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை. அதற்குப் பிறகு எடிட்டிங். பொழுதுபோக்குதான், ஆனால் பொழுது போனதே தவிர வேலை எதுவும் நடக்கவில்லை. கத்துக்குட்டிகளுக்கான மென்பொருளை இறக்குவார், "இது சின்னப்பசங்க விளையாட்டு" என்று அழிப்பார். சினிமாக்காரர்கள் வைத்திருப்பதை இறக்குவார், எதைத் தொட்டாலும் பத்து பெட்டி திறக்கும், அதையும் அழிப்பார். மறுநாள் முதலாவது திரும்ப வரும்.

இப்படியே போயிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் மகள் ஹாக்கியில் கோல்கீப்பர். அணியில் அவளைக் 'கதவு' என்பார்கள், பந்து உள்ளே போகாது. விளையாட்டு விடுதி ஒன்று ஆள் எடுத்தது. கோல்கீப்பருக்கு இரண்டே இடம். மூன்று நிமிட வீடியோ அனுப்ப வேண்டும், கடைசி நேரம் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி. அம்மா கம்பி வேலிக்குப் பின்னால் நின்று போனில் எடுத்த ஐம்பது நிமிட ஆட்டம் கையில் இருந்தது. அதை வெட்டித் தர வேண்டும். அவ்வளவுதான்.

"மூணு நாள் இருக்கு. சினிமா மாதிரி பண்ணிடலாம்" என்றார் லிஃப்ட்காரர்.

எக்ஸ்ரே அறையில் வேலை செய்கிற தம்பி ஒருவன், வீட்டு விசேஷங்களைச் சின்ன மென்பொருளில் வெட்டி ஒட்டுகிறவன், லிஃப்டில் ஏறும்போது கேட்டான்: "வெங்காயம் நறுக்க ஆபரேஷன் தியேட்டர் புக் பண்ணுவீங்களாண்ணே?"

"உனக்கு அது போதும்யா. எனக்குப் போதாது."

புதன்கிழமை இரண்டரைக்கு உட்கார்ந்தார். பெரிய மென்பொருளில் நிறத்தைத் திருத்த மட்டும் தனிப் பக்கம் உண்டு. அங்கே மாட்டினார். மைதானத்துப் புல் கொஞ்சம் மஞ்சளாக இருந்தது, பச்சையாக்கினார். பச்சை கூடிவிட்டது, குறைத்தார். ஆறு மணிக்குப் பதினொரு விநாடி தயார். 'கதவு' அவர் பின்னால் வந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, செலக்‌ஷனுக்கு நான் போறேனா, புல்லு போகுதா?"

வியாழக்கிழமை புல்லை விட்டுவிட்டு வெட்ட ஆரம்பித்தார். பழைய லேப்டாப்புக்கு மூச்சு வாங்கியது. படம் நின்று நின்று ஓடியது. மட்டையில் இருந்த பந்து அடுத்த கணம் வலைக்குள் இருந்தது, நடுவில் அது போன வழியே தெரியவில்லை. நாலு மணிக்கு லேப்டாப் தானாக அணைந்தது. எழுந்து நடந்தார், உட்கார்ந்தார், தண்ணீர் குடித்தார், திரும்ப எழுந்தார்.

"ஏங்க, ஒண்ணு உக்காருங்க, இல்ல வெளிய போங்க. எனக்குத் தலை சுத்துது" என்றார் மனைவி.

வெள்ளிக்கிழமை லிஃப்டிலும் அதே நினைப்பு. ஆபரேஷனுக்குப் போக வேண்டிய நோயாளியைச் சமையல்கூடம் இருக்கும் தளத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பெரியவர் தலையைத் தூக்கிப் பார்த்து, "இங்கேயா தம்பி அறுப்பாங்க?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் வேறு வழியில்லாமல் சின்ன மென்பொருளை இறக்கினார். அதில் ஒரு பொத்தான்: நல்ல காட்சிகளை அதுவே பொறுக்கி, பாட்டுப் போட்டு, படமாகக் கொடுத்துவிடும். அழுத்தினார். நாலே நிமிடத்தில் வேலை முடிந்தது. குடும்பத்தையே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

எதிரணிப் பெண் சிரித்தாள். நடுவர் விசில் ஊதினார். பார்வையாளர் ஒருவர் கொட்டாவி விட்டார். எதிரணிப் பெண் மறுபடி சிரித்தாள். மகள் வந்தது கடைசி ஒன்பது விநாடி, ஆட்டம் முடிந்து ஹெல்மெட்டைக் கழற்றிய பிறகு. அந்தப் பொத்தான் முகத்தைத் தேடிப் பொறுக்குகிற பொத்தான். கோல்கீப்பருக்கு முகம் ஏது? கம்பி மூடிய ஹெல்மெட்தான்.

"நல்லா வந்திருக்கு" என்றார் மனைவி. "அந்தச் சிரிக்கிற பொண்ணுக்குக் கண்டிப்பா இடம் கிடைச்சிடும்."

மணி மூன்றேகால். அவர் கை மறுபடி பெரிய மென்பொருளுக்குப் போனது. நூறு பொத்தான் வைத்து விற்கிறவனும் சரி, ஒரே பொத்தான் வைத்து விற்கிறவனும் சரி, என்ன வெட்ட வேண்டும் என்று இவரைக் கேட்கவில்லை. அதற்காக இவரை விட்டுவிட முடியாது. அந்த ஐம்பது நிமிடத்தை இவரும் ஒரு தடவைகூட முழுசாகப் பார்த்திருக்கவில்லை.

மகள் அவர் கையைத் தட்டிவிட்டாள். நோட்டைத் திறந்தாள். ஆட்டம் முடிந்ததும் அம்மா எடுத்த வீடியோவைப் பார்த்து, தன்னை நோக்கி வந்த ஒவ்வொரு பந்தையும், வந்த நேரத்தோடு எழுதி வைப்பது அவள் பழக்கம்.

"நான் சொல்றேன், நீ வெட்டு. பன்னெண்டு நிமிஷம் நாப்பது."

வெட்டினார்.

"பத்தொம்பது அஞ்சு. இடது கால்ல தடுத்தது."

வெட்டினார். இருபத்தாறாம் நிமிடத்தைத் தாண்டப் போனார்.

"அதையும் போடு."

"அது கோலும்மா. உள்ள போயிடுச்சு."

"போச்சுதான். போனதுக்கப்புறம் அடுத்த பந்தை எப்படிப் புடிச்சேன்னு தெரிய வேணாமா?"

"பெரிய சாஃப்ட்வேரா இருந்தா அந்தப் பந்தையே அழிச்சிருப்பேன்."

"ப்பா! மணி நாலேகால்!"

போட்டார். பாட்டை எடுத்தார். புல் மஞ்சளாகவே இருந்தது. நாலு நாற்பத்தொன்பதுக்கு வீடியோ போய்ச் சேர்ந்தது. அவர் வாழ்க்கையில் முடித்த முதல் வீடியோ. ஆனால் அவருக்கு உட்காரத் தோன்றவில்லை. அந்தக் கோலைப் போட்டிருக்கக் கூடாதோ? நிறத்தையாவது திருத்தியிருக்கலாமோ? பதினொரு நாள் இதே பாட்டு. பெரியதை மறுபடி இறக்கினார், அழித்தார். எக்ஸ்ரே தம்பி, லிஃப்ட் தன் தளத்தைத் தாண்டிப் போவதைப் பார்த்து, "அண்ணே, நான் இறங்கணும், என்னை எங்கே கூட்டிட்டுப் போறீங்க?" என்று கத்தினான்.

பன்னிரண்டாம் நாள் மதியம் பட்டியல் வந்தது. அவர் லிஃப்டைத் திறந்து வைத்துக்கொண்டே போனைப் பார்த்தார். உள்ளே நின்றவர்கள் திட்டினார்கள். இரண்டே இடமுள்ள கோல்கீப்பர் வரிசையில் மகளின் இடம்: 3.